ஆள் இல்லாத குழாய்

அத்தியாயம் 12

போன வாரம் மர்ஷூதாவை வெறும் வட்டிலப்பச் சட்டியோடு குசினியில் நிற்க விட்டுவிட்டு வந்தோம். இன்றைக்கும் அவள் மனம் அந்தச் சட்டியை விட்டு நகரவில்லை.

மாப்பிள்ளை வீட்டாருக்கென்று இருபது முட்டை உடைத்து அவித்த வட்டிலப்பம் அது. இரவு மூடி வைத்த சட்டி, காலையில் வழித்துத் துடைத்தாற்போல் கிடந்தது. குசினிக் கதவு பூட்டியது பூட்டியபடி. சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பது வீட்டில் நாலு பேருக்கும் தெரியும். ஆனால் பயந்துபோன மனம் ஆணியைப் பற்றியா யோசிக்கும்? ஜின்னைப் பற்றித்தான் யோசித்தது.

சட்டி மட்டும் என்றால் பூனை மேல் பழியைப் போட்டிருக்கலாம். குழாயை என்ன செய்வது? மூன்று மாதமாக, சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில், பின் குளியலறைக் குழாய் முழு வேகத்தில் ஓடும். நெடுநேரம் ஓடிவிட்டு நிற்கும். மர்ஷூதா முதலில் மகள் அஸ்னாவைத்தான் சந்தேகப்பட்டாள். தாங்கித் தண்ணீரை முடிக்கிறாள் என்று ஏசியும் இருக்கிறாள்.

ஆனால் போன செவ்வாய்க்கிழமை அஸ்னா கற்பிட்டியில் கம்ப்யூட்டர் வகுப்பில் இருந்தாள். மகன் ஃபஸ்லான் த்ரீவீலரில் ஹயருக்குப் போயிருந்தான். கணவரின் தங்கை மஹ்மூதா உள்ளறையில் தொழப் போயிருந்தாள். பட்டப்பகல் இரண்டு மணிக்குக் குழாய் ஓடியது. மர்ஷூதா பயத்தோடு போய்ப் பார்ப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது. கதவு விரியத் திறந்து கிடந்தது. தரை ஈரம். ஒரு புளித்த வாடை. ஆள் இல்லை.

அன்றிலிருந்து அவள் பின்பக்கம் தனியாகப் போவதை விட்டுவிட்டாள்.

இன்று வியாழக்கிழமை. காலை பதினொரு மணிக்குக் கனமூலையிலிருந்து, ஜின் விரட்ட ஓதுகிற மீராசாஹிப் லெப்பை வந்து இறங்கினார். அழைத்தவள் மஹ்மூதா. வேறு யார் அழைப்பது? கணவர் சுஹைர் கட்டாருக்குப் போன நாளிலிருந்து மாம்புரி வீட்டின் சட்டம் அவருடைய தங்கையின் கையில்தான். மர்ஷூதா வாயில்லாப் பூச்சி.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக மஹ்மூதாவைப் பற்றி ஒரு வார்த்தை. வயது நாற்பத்தேழு. ஒரு கல்யாணம் பேசி, நாள் குறித்து, நின்றுபோனது. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது, பன்னிரண்டு வயதில், நானா சுஹைரின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவள். முகாமில் பாணுக்கு வரிசையில் நின்றதை அவள் மறக்கவே இல்லை. அதனால் இந்த வீட்டில் தட்டில் ஒரு பருக்கையை மிச்சம் வைக்க யாருக்கும் அனுமதி கிடையாது. அவள் மட்டும் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, தனியாக, குசினிக்குள் இருந்து சாப்பிடுவாள்.

"கையக் காட்டு மவள்," என்று அஸ்னாவின் வலக்கையை இழுத்து லெப்பையின் முன்னால் நீட்டினாள் மஹ்மூதா.

அஸ்னாவின் விரல் முட்டிகளின் மேல் சின்னச் சின்னக் காயங்கள் வரிசையாக இருந்தன. சில பழசு, சில புதுசு. பிடித்திருந்த மஹ்மூதாவின் கையிலோ கறுப்புக் கையுறை. அந்நிய ஆண்கள் முன்னால் அதைக் கழற்ற மாட்டாள். சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டுதான் திரிவாள்.

லெப்பை மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். வெளியே கச்சான் காற்று தென்னைகளைப் பிடித்து உலுக்கியது. கடற்கரைப் பக்கம் காற்றாலைகள் ஒரே சுதியில் ஊம் ஊம் என்று சுற்றின.

"பல்லு பட்ட அடையாளம்," என்றார் மெதுவாக. "மனிசப் பல்லுதான். ஆனா கடிச்சது மனிசன் இல்ல."

மர்ஷூதா வாய்க்குள் ஓதத் தொடங்கினாள். அஸ்னா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அறையில் கடித்த பல் யாருடையது என்று தெரிந்தவள் அவள். அவளுடைய பல்தான்.

நாலு மாதத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் உம்மா பெண் பார்க்க வந்து, இனிப்பு முட்டாசியைக் கடித்துக்கொண்டே, "புள்ள வடிவுதான், கொஞ்சம் தடிப்பு" என்று சிரித்துவிட்டுப் போனார். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அஸ்னாவும் சிரித்தாள். மறுநாளிலிருந்து காலையில் பட்டினி. மத்தியானமும் பட்டினி. பின்னேரம் வீட்டில் யாரும் பார்க்காத நேரம் பசி வந்து அவளைப் பிடிக்கும். பாண், பழஞ்சோறு, சீனி, கையில் அகப்பட்டது எல்லாம் உள்ளே போகும். ருசி தெரியாது, நிறுத்தவும் முடியாது. முடிந்ததும் வெட்கம் வரும், பயம் வரும். பிறகு குளியலறை, வாந்தி, வெளியே சத்தம் கேட்காமலிருக்கக் குழாய். சில நாட்களில், கண்ணாடியில் தன் வீங்கிய கன்னத்தைப் பார்க்கும்போது, இது ஜின்தானோ என்று அவளுக்கே சந்தேகம் வரும். சாப்பிட்டது நான் இல்லை, வேறு யாரோ என்று நம்ப அவளுக்கும் ஆசை.

லெப்பை ஓதினார். ஓதி முடித்து, இலந்தை இலை அரைத்துக் கலந்த பச்சைத் தண்ணீரில் ஊதி, ஒரு பெரிய ஜக்கை அவள் முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு பேசின்.

"முழுக்கக் குடிக்கோணும். வாந்தி வந்தா பயப்படாதீங்க. வந்தாத்தான் நல்லம். உள்ள இரிக்கிறது அதோட வெளியாகும்."

அஸ்னா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். காதில் விழுந்ததை அவளால் நம்ப முடியவில்லை.

குடித்தாள். பாதி ஜக் முடிவதற்குள் பேசினுக்குக் குனிந்தாள். ஓங்காளம் இல்லை, இருமல் இல்லை. குசினியில் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஊற்றுவதுபோல அமைதியாக முடிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் மஹ்மூதா. ஃபஸ்லான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். லெப்பையின் முகத்தில் சந்தோஷம். "இன்னும் ரெண்டு நாள். நாளைக்கும் வாறன். அதுவரைக்கும் சாப்பிட்டதுக்குப் பொறவு வாந்தி வந்தா மறிக்காதீங்க."

மனுசர் நல்லவர்தான். பயணச் செலவைக்கூட வாங்கவில்லை. ஆனால் அந்தச் சொல் அந்த வீட்டில் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது. மூன்று மாதமாகக் குழாய்ச் சத்தத்துக்குள் ஒளித்து வைத்திருந்ததை இன்று ஊர் கூடிப் பாராட்டியிருக்கிறது. இனிக் குழாய்கூட வேண்டாம். தன்னை யாராவது பிடித்துவிடுவார்கள் என்று அஸ்னா இத்தனை நாள் பயந்தாள். இன்று யாருமே பிடிக்கமாட்டார்கள் என்ற பயம் வந்தது.

மர்ஷூதா பேசினைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்கு ஏதோ ஒன்று சரியில்லை. பெற்று வளர்த்தவள். சின்ன வயதில் காய்ச்சல் வந்து வாந்தி எடுத்தால் வீடே அதிரும்படி அழுகிற பிள்ளை இது. இத்தனை லேசாக எப்போது பழகினாள்?

அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

லுஹர் தொழுகை முடிந்ததும் மஹ்மூதா தட்டு நிறையச் சோறும் இறைச்சிக் கறியும் கொண்டுவந்து வைத்தாள். "கெட்டது போயிட்டு. இப்ப வடிவாச் சாப்பிடு. ஒரு பருக்கை மிச்சம் வைக்கப்படா."

அஸ்னா சாப்பிட்டாள். எழுந்து பின்பக்கம் போனாள். குழாய் ஓடியது.

ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. தொம் என்று ஏதோ விழுந்த சத்தம் கேட்ட பிறகும் ஓடியது.

ஃபஸ்லான் தோளால் இடித்துக் கதவைத் திறந்தான். அஸ்னா ஈரத்தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. மர்ஷூதா அவள் நெஞ்சில் கை வைத்தாள். துடிப்பு ஓடி, நின்று, நின்று ஓடியது.

"லெப்பைக்குக் கோல் எடு," என்றாள் மஹ்மூதா பின்னாலிருந்து. "வெளியாகக்குள்ள இப்பிடித்தான் மயக்கம் வரும். விழிப்பா."

இருபத்தைந்து வருடமாக மர்ஷூதா இந்த வீட்டில் மறுத்துப் பேசியதில்லை.

"த்ரீவீலர எடு மகன்," என்றாள். "புத்தளத்துக்கு."

வார்டில் அஸ்னாவின் கையில் சேலைன் ஏறியது. நெஞ்சில் ஒட்டிய வயர்கள் பக்கத்திலிருந்த பெட்டிக்குப் போயின. டொக்டர் பஸீனா அந்தப் பெட்டியைப் பார்த்தார், அஸ்னாவின் விரல் முட்டிகளைப் பார்த்தார், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது. திரையை இழுத்து மூடிவிட்டு அஸ்னாவோடு தனியாகக் கதைத்தார். பிறகு அவளிடம் கேட்டுக்கொண்டு மர்ஷூதாவைக் கூப்பிட்டார்.

"கையில இரிக்கிற காயம் வாந்தி எடுக்கக்குள்ள தன்ட பல்லே பட்டது. அடிக்கடி வாந்தி எடுத்ததால ரத்தத்தில பொட்டாசியம் நல்லாக் குறைஞ்சிட்டு. அதான் நெஞ்சு தவறித் தவறி அடிக்குது. இன்னும் ரெண்டு நாள் இப்பிடியே வீட்டில விட்டிருந்தா..." டொக்டர் முடிக்கவில்லை. "புலிமியா எண்டு சொல்லுவம். நடிப்பில்ல, பிடிவாதமில்ல, ஈமான் குறைஞ்சதும் இல்ல. இது ஒரு நோய், வருத்தம். சுகமாகும், ஆனா நாள் எடுக்கும். மனநல டொக்டரும் வந்து பார்ப்பாங்க."

"ஏன் டொக்டர் வந்திச்சி?"

"ஒராளப் பிடிச்சு இவர்தான் காரணம் எண்டு சொல்ல ஏலாது. பல விசயம் சேர்ந்து வாறது. உங்கட வீட்டில சாப்பாட்டப் பத்தி, உடம்பப் பத்தி என்ன கதைப்பீங்க?"

மர்ஷூதாவுக்கு அலுமாரிக் கதவில் தொங்குகிற கல்யாண உடுப்பு நினைவுக்கு வந்தது. வேண்டுமென்றே ஒரு அளவு சின்னதாக வாங்கினாள். கல்யாணத்துக்குள் மெலிந்துவிடுவாள், தினமும் கண்ணில் பட்டால் ரோஷம் வரும் என்று அதை அங்கே மாட்டியதும் அவள்தான். மஹ்மூதா தட்டை வழிக்கச் சொல்வாள். மர்ஷூதா இடுப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். மிச்சம் வைக்காதே, தடிக்காதே: இரண்டையும் ஒரே பிள்ளையிடம் ஒரே வேளையில் சொல்லியிருக்கிறார்கள்.

"நான்தான் டொக்டர்," என்று அழத் தொடங்கினாள். "நான்தான் எண்ட புள்ளைய..."

"அழுங்க. ஆனா உங்களையே குத்தஞ்சொல்லிக்கிட்டு இருந்தா புள்ளைக்கு ஆர் துணை?" டொக்டர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டார். "வீட்டுக்குப் போன பொறவு சேர்ந்து சாப்பிடுங்க. சாப்பிட்ட பொறவு ஒரு மணித்தியாலம் பக்கத்தில இருங்க. டீவி பாருங்க, என்னவாவது கதைங்க, உடம்பப் பத்தி மட்டும் வேணாம். ஒரு நாள் தவறினாலும் கதவில அடிச்சு மிரட்டாதீங்க. வெளிய இருந்து, நான் இஞ்ச இரிக்கிறன் எண்டு மட்டும் சொல்லுங்க."

"நாளைக்கு லெப்பை ஓத வாறார்..."

"ஓதுறத நான் வேணாம் எண்டு சொல்லுவனா? நீங்க தலைமாட்டில இருந்து ஓதுங்க. வாந்தி எடுக்க வைக்கிற தண்ணி மட்டும் ஒரு சொட்டும் வேணாம். அடுத்த தடவ நெஞ்சு நிண்டு போகலாம்."

கட்டிலில் அஸ்னா கண் விழித்திருந்தாள். உம்மாவைப் பார்க்கத் துணியாமல் கூரையைப் பார்த்தாள்.

"பாண் காணாமப் போனது நான்தான் உம்மா. பிரிஜ்ஜில இருந்த கறியும். குழாயும் நான்தான்."

"பரவாயில்ல மவள்."

"ஏச மாட்டீங்களா?"

"இல்ல." மர்ஷூதா அவள் நெற்றி முடியை ஒதுக்கினாள். "வட்டிலப்பம் போனாப் போகட்டும். இன்னொண்டு அவிப்பம்."

அஸ்னாவின் கண் கூரையிலிருந்து இறங்கியது. "வட்டிலப்பத்த நான் தொடல்ல உம்மா."

"சரி, சரி. இப்ப அது ஒண்டும் வேணாம்."

"வல்லாஹி நான் இல்ல. செவ்வாக்கிழம குழாய் ஓடக்குள்ளயும் நான் வீட்டில இல்லயே."

"அப்ப ஆரு?"

அஸ்னா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தூங்கிவிட்டாளா, தூங்குவதுபோல் கிடந்தாளா என்று மர்ஷூதாவுக்கு விளங்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிள்ளை இதற்கு மட்டும் ஏன் பொய் சொல்லவேண்டும்?

மாற்று உடுப்பும் அடையாள அட்டையும் எடுத்துவரச் சொன்னார் நேர்ஸ். அதுவரை தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். ஃபஸ்லானோடு மாம்புரிக்குத் திரும்பும் வழியில் மர்ஷூதா மஹ்மூதாவுக்குக் கோல் எடுத்தாள். அஸ்னா விழித்துவிட்டாள் என்றாள். நாளைக்கு லெப்பை வரவேண்டாம் என்றும் சொன்னாள்.

"உங்கட புள்ள, உங்கட இஷ்டம்," என்றாள் மஹ்மூதா. "நான் பக்கத்து வீட்டில யாஸீன் ஓதப் போறன். முன் கதவு பூட்டியிரிக்கும்."

மஃரிப் நெருங்கும் நேரம் வீடு வந்தது. வெயில் இறங்கி, மண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது. ரோட்டில் இரண்டு கழுதைகள் அசையாமல் நின்றன. ஃபஸ்லான் த்ரீவீலரில் இருந்தபடியே கட்டாரிலுள்ள வாப்பாவோடு கதைக்கத் தொடங்கினான். மர்ஷூதா பூட்டைத் திறந்து உள்ளே போனாள்.

முதலில் அலுமாரிக் கதவில் தொங்கிய கல்யாண உடுப்பை இறக்கிச் சுருட்டி, கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். பிறகுதான் மேசையைக் கண்டாள். நாளைக்கென்று லெப்பை ஓதி வைத்துவிட்டுப் போன பச்சைத் தண்ணீர், ஜக்கில், சோசரால் மூடியபடி இருந்தது.

ஓதின தண்ணீரைச் சாக்கடைக் கானில் ஊற்ற முடியாது. கால் படாத இடத்தில், மரத்தடியில்தான் ஊற்றவேண்டும். பின்பக்கம் தனியாகப் போகப் பயந்துகொண்டிருந்தவள், பிஸ்மி சொல்லிக்கொண்டு ஜக்கைத் தூக்கினாள். குசினி வழியாகப் போகும்போது கண்ணில் பட்டது: மத்தியானச் சோற்றுப் பானை திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. கறிச் சட்டியிலும் ஒன்றுமில்லை. அஸ்னாவை ஏற்றிக்கொண்டு போகும்போது அரைப்பானை சோறு இருந்தது. அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தென்னையடியில் தண்ணீரை ஊற்றினாள். மண் அதைச் சத்தமில்லாமல் குடித்தது.

அப்போது அவளுக்குப் பின்னால் குழாய் ஓடத் தொடங்கியது.

அஸ்னா புத்தளத்தில் கட்டிலில் கிடக்கிறாள். ஃபஸ்லான் ரோட்டில் நிற்கிறான், அவன் குரல் இங்கே கேட்கிறது. வீடு பூட்டிக் கிடந்தது. ஆனாலும் குழாய் ஓடுகிறது. ஃபஸ்லான் உடைத்த கதவு உள்ளே எதையோ முட்டுக்கொடுத்துச் சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் இல்லாத கதவை உள்ளிருந்து யாரோ அடைத்திருந்தார்கள்.

ஓடிவிடத்தான் கால் நினைத்தது. அப்போதுதான் படியைப் பார்த்தாள். படியில் ஒரு சோடிச் செருப்பு. செருப்பின் மேல், மடித்து வைத்தபடி, ஒரு கறுப்புக் கையுறை.

ஒரு கையுறைதான். வலக்கையினுடையது.

இருபத்தைந்து வருடம் பக்கத்தில் இருந்த மனுசி. எல்லோருக்கும் பிறகு தனியாகச் சாப்பிடுகிறவள். சிரிக்கும்போது அரித்துப்போன பல்லை மறைத்துக்கொள்கிறவள். செவ்வாய்க்கிழமை உள்ளறையில் தொழுததாகச் சொன்னவள். அந்தக் கையை வீட்டில் யாரும் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று மர்ஷூதாவால் சொல்ல முடியவில்லை.

ஆத்திரம் வந்தது. என் பிள்ளை சாகக் கிடந்தபோது லெப்பைக்குக் கோல் எடுக்கச் சொன்னாளே, இது என்னவென்று தெரிந்துகொண்டே சொன்னாளே என்று நெஞ்சு கொதித்தது. கதவில் அடிக்கக் கையை ஓங்கினாள்.

உள்ளே, தண்ணீர்ச் சத்தத்துக்குள், யாரோ மூச்சுக்குத் திணறினார்கள்.

ஓங்கிய கை தானாக இறங்கியது. மர்ஷூதா செருப்பை ஓரமாக வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"மச்சி," என்றாள். "நான் மர்ஷூதா. ஏச வரல்ல. நான் இஞ்சதான் இரிக்கிறன்."

குழாய் நின்றது.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்தது. காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. முகாமில் பாணுக்கு நின்ற ஒரு சின்னப் பிள்ளையின் குரல்போல, உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அஸ்னா சொல்லிட்டாளா மதினி?"

மர்ஷூதாவுக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்ட மகளின் முதுகு நினைவுக்கு வந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும், எப்படித் தெரியும், யாரைப் பார்த்து யார் பழகினார்கள் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"இல்ல," என்றாள். "அவள் உங்களக் காட்டிக்குடுக்கல்ல."

உள்ளே மஹ்மூதா வாய்விட்டு அழத் தொடங்கினாள். மர்ஷூதா அந்தக் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கதவு இன்னும் திறக்கவில்லை.